தொலைபேசியில் ஓதும்போது ‘ஸா’ எங்கே போகிறது?



தவறே செய்யாத ஒரு சிறுவனை மூன்று நாள் திருத்திய கதையிலிருந்து தொடங்குகிறேன். வளைகுடாவில் இருக்கும் நம் பக்கத்துச் சபுராளிகளின் பிள்ளைகள் சிலருக்கு, ஜீயபுரத்தில் என் வீட்டிலிருந்தபடி இஷாவுக்குப் பிறகு போனில் ஓதிக் கொடுக்கிறேன். அவர்கள் இருக்கும் நாட்டில் வாட்ஸ்அப் காலுக்கு அனுமதி இல்லை. மெசேஜ் வரும், கால் வராது. அதனால் சாதாரண போன் கால்தான்.

பத்து வயதுப் பையன் ஒருவன் சூரத்துல் கவ்ஸர் ஓதினான். முதல் ஆயத்தின் கடைசிச் சொல்லில் வரும் ‘ஸா’ எனக்கு ‘ஸீன்’ ஆகவே கேட்டது. “நாக்கு நுனியை மேல் முன்பல்லோட நுனியில வை தம்பி” என்றேன். மறுபடியும் அதே சத்தம். நான்காம் நாள் அவனுடைய அம்மா போனை வாங்கி, “ஹஜ்ரத், இவன் நாக்கை வெளியில நீட்டித்தான் ஓதுறான், நான் பார்த்துக்கிட்டே இருக்கேன்” என்றார். வாய்ஸ் மெசேஜாக அனுப்பச் சொல்லிக் கேட்டேன். ‘ஸா’ சுத்தமாக இருந்தது. அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இது சின்ன விஷயம் இல்லை. ‘இஸ்ம்’ என்ற சொல்லை ஸீன் போட்டுச் சொன்னால் பெயர். ஸா போட்டுச் சொன்னால் பாவம். தமிழில் எழுதும்போது ஸா, ஸீன், ஸாத் மூன்றுக்கும் ஒரே ‘ஸ’தான். நம் எழுத்தே மூன்றை ஒன்றாகச் சுருக்கிவிடுகிறது. அதனால்தான் அரபியைத் தமிழில் எழுதி வைத்து மனனம் செய்ய வேண்டாம் என்று உஸ்தாதுமார்கள் சொல்வார்கள். போனும் ஏறத்தாழ அதே வேலையைச் செய்கிறது. அது எப்படி என்று தெரிந்துகொள்ள, கலைப் படிப்பு படித்த நான் கொஞ்சம் பொறியியலுக்குள் நுழைய வேண்டியதாயிற்று.

முதலில் எனக்குத் தோன்றியது, “குரலை அதிகம் சுருக்கி அனுப்புவதால் எழுத்து கெடுகிறது” என்பதுதான். கணக்குப் பார்த்தால் பொருந்தவில்லை. பழைய தொலைபேசி முறையான ஜி.711, 1972இல் உலக அளவில் ஏற்கப்பட்டது. விநாடிக்கு 8000 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதும். ஆக விநாடிக்கு 64,000 பிட். வாய்ஸ் மெசேஜுக்கு இதில் பாதிகூடச் செலவாவதில்லை. குறைந்த பிட்டில் வந்த ‘ஸா’ சரியாக இருக்கிறது, அதிக பிட்டுக்கு இடம் கொடுக்கும் முறையில் அது தொலைகிறது என்றால் காரணம் வேறெங்கோ இருக்க வேண்டும்.

காரணம் அகலம். தொலைபேசி ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வுகளை மட்டுமே கொண்டுபோகும். ஸீனின் சீறல் ஓசையில் பெரும்பகுதி 4000 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரையில் இருக்கிறது. ஸாவின் மெல்லிய காற்றொலியும் அந்த உயரம் வரை பரவிக் கிடக்கிறது. மேல்பகுதியை வெட்டிவிட்டால் இரண்டிலும் மிஞ்சுவது ஏறக்குறைய ஒரே மாதிரியான இரைச்சல்தான். ‘ஃபா’வும் இதோடு சேர்ந்து குழப்பும். ஆனால் ஸாத் தப்பித்துவிடுகிறது. ‘ஸைஃப்’ என்பது வாளா, கோடைக்காலமா என்று போனிலும் சொல்லிவிடலாம். ஸாத் தன் பக்கத்து உயிரொலியையும் கனமாக்கிவிடும். அந்தக் கனம் 3400க்குக் கீழேயே தெரியும். நம் ழகர, ளகர வேறுபாடும் அப்படியே தப்பிக்கும்.

அப்படியானால் சுருக்குவதால் பாதிப்பே இல்லையா? உண்டு. அது முறைக்கு முறை மாறும்.

குரலைச் சுருக்கி அனுப்பி, மறுமுனையில் விரித்துத் தரும் முறைக்குக் கோடெக் என்று பெயர். 1960களில் பெல் ஆய்வகத்தில் பிஷ்ணு அடலும் மன்ஃப்ரெட் ஷ்ரோடரும், ஜப்பானில் இடாகுராவும் சைட்டோவும் ஒரே நேரத்தில் புதிய வழி ஒன்றைப் பிடித்தார்கள். அடல் கான்பூரில் பிறந்து, லக்னோவிலும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் படித்தவர். ஒலியை அப்படியே அனுப்பாமல், அதை உண்டாக்கிய தொண்டையும் வாயும் அந்தக் கணத்தில் எந்த வடிவில் இருந்தன என்ற குறிப்பை அனுப்பு. மறுமுனைக் கருவி அதை வைத்துக் குரலைச் செய்துகொள்ளட்டும் என்பதே அந்த வழி.

மத்ரஸாவில் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. மக்ரஜும் ஸிஃபத்தும் தானே! ஸாவின் மக்ரஜ் நாக்கு நுனியும் முன்பற்களின் நுனியும் என்று இலக்கண இமாம் ஸீபவைஹி ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதி வைத்தார். அந்தக் குறிப்பைப் படித்து இன்றும் நாம் அதே ஒலியை வாயில் உண்டாக்குகிறோம்.

இந்த வழியில் வந்த எல்.பி.சி.-10 என்ற முறை, 22.5 மில்லி விநாடிக்கு ஒருமுறை 54 பிட் குறிப்பு அனுப்பும். விநாடிக்கு 2400 பிட் மட்டுமே. ஆனால் ஒவ்வொரு துண்டையும் ஒன்று ஜஹ்ர், இல்லையென்றால் ஹம்ஸ் என்று பிரித்தே தீர வேண்டும். புள்ளி வைத்த தாலில் குரல்நாண் அதிர்வும் காற்றும் கலந்தே வருகின்றன. அங்கே அது தடுமாறும். பின்னணியில் ஈரோடு ரயில் போனால் அதையும் மனிதத் தொண்டையாக நினைத்துக் குறிப்பு எழுதும்! பின்னால் வந்த மெல்ப் என்ற முறை அதே 2400 பிட்டில், அதிர்வெண்ணை ஐந்து பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஜஹ்ரா ஹம்ஸா என்று தீர்மானிக்கிறது. சாட்டிலைட் போன்களில் வரும் 2.4 கிலோபிட் முறையும் இதற்கு உறவுதான். நடுக்கடலில் இருக்கும் மீனவர் செய்தி சொல்ல அது போதும். ஓதிக் கொடுக்கப் போதாது.

1985இல் அடலும் ஷ்ரோடரும் செல்ப் முறையை வெளியிட்டார்கள். வாயின் வடிவக் குறிப்போடு, தொண்டையிலிருந்து வரும் மூல ஒலிக்கு 1024 மாதிரிகள் கொண்ட ஒரு ‘அகராதி’ இரு முனையிலும் இருக்கும். ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்து, அசல் குரலுக்கு மிக நெருங்கியதன் எண்ணை மட்டும் அனுப்ப வேண்டும். அன்றைய கிரே-1 சூப்பர் கம்ப்யூட்டருக்கே ஒரு விநாடிப் பேச்சைச் சுருக்க ஏறத்தாழ 125 விநாடி ஆனது. இன்று அதன் வாரிசுகள் எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கின்றன. இன்டர்நெட் வழித் தொலைபேசியின் ஜி.729 (8 கிலோபிட்), செல்போனின் ஏ.எம்.ஆர். (12.2 முதல் 4.75 கிலோபிட் வரை, சிக்னல் குறையக் குறைய பிட்டும் குறையும்) இரண்டுமே செல்ப் குடும்பம். யார் பேசுகிறார் என்று குரலை அடையாளம் காண இவை நன்றாகவே உதவும். ஆனால் இரண்டும் அதே 3400 ஹெர்ட்ஸ் வேலிக்குள்தான் நிற்கின்றன.

வேலியைத் தாண்டியது 2001இல் வந்த ஏ.எம்.ஆர். வைட்பேண்ட். 50 முதல் 7000 ஹெர்ட்ஸ் வரை கொண்டுபோகும். அதற்கு 12.65 கிலோபிட் போதும், அதாவது லேண்ட்லைன் செலவில் ஐந்தில் ஒரு பங்கு. 2016 செப்டம்பரில் ஜியோ தொடங்கியபோது, பக்கத்து ஊர்க்காரர் பக்கத்து அறையில் பேசுவது போலக் கேட்கிறதே என்று வியந்தோமே, அந்த வோல்ட்இ அழைப்பின் தெளிவு இதனால் வந்ததுதான். ஆனால் இரண்டு முனையும், நடுவில் உள்ள எல்லா நெட்வொர்க்கும் இதற்கு ஒத்துழைக்க வேண்டும். கடல் கடந்து வரும் அழைப்பில் வழியில் ஒன்று பழைய முறையில் இருந்தாலும் குரல் 3400க்குச் சுருங்கிவிடும். என் மாணவனின் ‘ஸா’ அப்படித்தான் தொலைந்தது. வாய்ஸ் மெசேஜ் ஓபஸ் என்ற 2012ஆம் ஆண்டு முறையில் கோப்பாகச் சுருக்கப்பட்டு வருகிறது. இடையில் யாரும் மேல்பகுதியை வெட்டுவதில்லை.

இப்போது செயற்கை நுண்ணறிவு கோடெக்குகளும் வந்துவிட்டன. கூகுள் 2021இல் வெளியிட்ட லைரா 3 கிலோபிட்டில் இயங்குகிறது. கேட்க அழகாக இருக்கும். எனக்கு இதில் தயக்கம் உண்டு. இவ்வகைக் கருவி, தான் கற்ற பேச்சுகளை வைத்து விடுபட்டதை ஊகித்து நிரப்புகிறது. பிள்ளை தவறாக ஓதியதை அது சரியான எழுத்தாக நிரப்பிவிட்டால் உஸ்தாத் எதைத் திருத்துவார்? கரகரவென்று கேட்கும் பழைய போனாவது தன் குறையை மறைப்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்டர்நெட் அழைப்பில் தகவல் தாமதமாகி வந்தால், மென்பொருள் முந்தைய ஒலியைச் சற்று இழுத்தும், பிறகு அவசரமாகச் சுருக்கியும் சமாளிக்கும். எனவே நெட் சரியில்லாதபோது மத்தின் நீளத்தை எண்ணிப் பிள்ளையைத் திட்டக் கூடாது. நான் திட்டியிருக்கிறேன்.

இப்போது மனனப் பாடம், ஆயத்துகளின் வரிசை, வக்ஃப் இடங்கள் இவற்றைக் காலிலேயே கேட்கிறேன். ஸா, ஸீன், ஃபா வரும் சொற்களையும், மத்தையும், அமைதியான அறையில் ஃபேனை நிறுத்திவிட்டு வாய்ஸ் மெசேஜாக அனுப்பச் சொல்கிறேன். அந்தப் பையன் விவரமாகிவிட்டான். நான் திருத்த வாயெடுத்தாலே, “ஹஜ்ரத், இது என் தப்பா போன் தப்பா? வாய்ஸ் அனுப்பவா?” என்கிறான்.