மறுபடி எப்போது தொழிலுக்குப் போகும்?

சித்திரை பிறந்து மீன்பிடித் தடைக்காலமும் தொடங்கிவிட்டால், கடலூர் முதுநகரின் உப்பனாற்றங்கரை படகுகளின் வைத்தியசாலையாக மாறிவிடுகிறது. கரையேற்றிய விசைப்படகுகளின் அடிப்பலகையில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டுவோரும், யந்திரங்களைக் கழற்றிப் பரப்பியிருப்போரும், வர்ணம் பூசுவோருமாக நிறைந்திருந்த அந்த இடத்தில், ஒரு படகின் நிழலில் உட்கார்ந்திருந்த இளைஞன் தன் கைபேசியில் ஒரு காட்சியை எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தான். 2024 அக்டோபர் 13 அன்று, அமெரிக்காவின் டெக்ஸாஸ் கடற்கரையில், சிதம்பரத்துக் கோபுரங்களைவிட உயரமான, 71 மீட்டர் நீளமுள்ள ராக்கெட்டின் அடிப்பகுதி, வானத்திலிருந்து தன் நெருப்பின் மேலேயே இறங்கி, தான் புறப்பட்ட கோபுரத்தின் இரண்டு இரும்புக் கரங்களுக்கிடையே வந்து நின்ற காட்சி அது. பார்த்தவர்களெல்லாம் ஆரவாரம் செய்ய, கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் மட்டும் தலை நிமிராமலே, "திரும்பி வந்துடுச்சு, சரி. மறுபடி எப்பத் தொழிலுக்குப் போவும்?" என்றார்.

ராக்கெட் பற்றி ஜனங்களிடையே எழுந்துள்ள உற்சாகமெல்லாம் இறங்குகிற காட்சியைப் பற்றியதாக இருக்க, அதன் பொருளாதாரமோ முழுவதும் பெரியவரின் கேள்விக்குள் இருக்கிறது.

ஸ்ரீஹரிகோட்டாவில் புறப்படும் பி.எஸ்.எல்.வி.யின் எடை சுமார் 320 டன். 600 கிலோமீட்டர் உயரச் சுற்றுப்பாதையில் அது கொண்டுபோய்ச் சேர்ப்பதோ ஏறக்குறைய ஒன்றே முக்கால் டன். மற்றதில் பெரும்பங்கு புகையாகிவிட, கீழடுக்குகளின் உலோகக் கூடுகள் நம்முடைய வங்கக் கடலில் விழுந்து அமிழ்கின்றன. அமிழாமல் வந்த ஒன்று, 2019 டிசம்பரில், நமக்கு அண்டையிலுள்ள புதுச்சேரி வம்பாகீரப்பாளையத்து மீனவர்களின் வலையில் சிக்கியது. பன்னிரண்டு டன் திட எரிபொருளை ஒரு நிமிஷ அளவில் எரித்துத் தீர்த்துவிட்டுக் கழன்று விழும் பக்கவாட்டுக் குழல் அது. இவ்வகைக் குழலைத் திருப்பி அழைக்க எந்த யுக்தியும் உதவாது. தீபாவளி வாணத்தைப் போல, மூட்டியபின் அதை அணைக்க வழியில்லை. 1781 ஜூலை முதல் தேதி பரங்கிப்பேட்டையில் ஆங்கிலேயரோடு பொருத ஹைதர் அலியின் சேனை இரும்புக் குழல் வாணங்களுக்குப் பெயர்போனது என்பதையும், அந்த மைசூர் வாணங்களைப் பார்த்தே இங்கிலாந்தின் காங்கிரீவ் தம்முடையவற்றைச் செய்தார் என்பதையும் நினைக்கும்போது, இரண்டு நூற்றாண்டுக்கு மேலாகியும் இந்த ஒரு குணத்தில் வாணம் மாறவேயில்லை என்று தோன்றுகிறது.

திரும்பிவர வேண்டுமானால் அணைக்கவும் மறுபடி மூட்டவும் அடக்கி எரிக்கவும் இணங்குகிற திரவ எரிபொருள் யந்திரம் வேண்டும். ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன்-9, மேலடுக்கைப் பிரித்தனுப்பிய பிறகு, இதற்கென்றே மிச்சம் வைத்த எரிபொருளைக் கொண்டு யந்திரங்களை மூட்டி வேகத்தைத் தணித்துக்கொண்டு இறங்குகிறது. அந்த மிச்சத்தின் அளவுக்குச் சுமை குறைந்துபோவது அதற்குக் கொடுக்கும் விலை. கடைசிக் கட்டம்தான் விசேஷமானது. ஒன்பது யந்திரங்களில் ஒன்றை மட்டும், அதுவும் இயன்றமட்டும் அடக்கி எரித்தாலும், அதன் உந்துவிசை காலிக்கூட்டின் எடையை மிஞ்சிவிடுமாதலால், அந்தரத்தில் நின்று இடம் பார்த்து இறங்குவதென்பது அதற்கு இல்லை. தரையைத் தொடுகிற அதே கணத்தில் வேகம் பூஜ்யமாக வேண்டும். தேவனாம்பட்டினத்தில் பைபர் படகு கரையேறுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அலையின் முதுகில் ஏறி வருகிறவன், மணல் தட்டுவதற்கு ஒரு நொடி முன்பு, நீண்ட தண்டோடு கூடிய விசிறியைத் தண்ணீரிலிருந்து தூக்க வேண்டும். முந்தினால் அலை படகைப் புரட்டிவிடும், பிந்தினால் விசிறி மணலில் முறியும்.

ஆனால் இறங்கியதெல்லாம் லாபமாகிவிடுவதில்லை. 1981 முதல் 2011 வரை 135 முறை பறந்த அமெரிக்க விண்வெளி ஓடங்கள் விமானம் போலவே திரும்பி வந்தன. வந்த ஒவ்வொரு முறையும், உஷ்ணம் தாங்கும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஓடுகளைச் சோதித்து, யந்திரங்களைக் கழற்றிப் பழுதுபார்ப்பதற்குள் மாதங்கள் ஓடின. வாரந்தோறும் பறக்குமென்று நம்பிக் கட்டியவை, மிகுதியாகப் பறந்த 1985லேயே ஒன்பது முறைதான் பறந்தன. இரண்டு ஓடங்களும் பதினான்கு உயிர்களும் போயின. ஃபால்கனின் கூடும் தொடக்கத்தில் இப்படித்தான்: 2016 ஏப்ரலில் இறங்கியது மறுபடி பறந்தது 2017 மார்ச் 30 அன்று. 2025 மார்ச்சிலோ ஒரு கூடு ஒன்பதே நாளில் மீண்டும் கிளம்பிற்று. என் அபிப்பிராயத்தில், கோபுரம் கைநீட்டிப் பிடித்ததைவிடப் பெரிய செய்தி இந்த ஒன்பது நாள்தான்.

நம் தேசத்திலும் பிரயத்தனம் நடக்கிறது. 2024 செப்டம்பரில் 8,240 கோடி ரூபாய்ச் செலவில் அனுமதி பெற்ற புதிய தலைமுறை ராக்கெட்டின் முதலடுக்கு திரும்பிவரக்கூடியது. 2025 ஜனவரி 17 அன்று மகேந்திரகிரியில் விகாஸ் என்னும் திரவ எரிபொருள் யந்திரத்தை 60 விநாடி எரித்து, 120 விநாடி அணைத்து வைத்து, மீண்டும் மூட்டிக் காட்டினார்கள். ஆனால் ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணுமளவே ஏவுகிற நாட்டில், திரும்பிவரும் ராக்கெட்டுக்கு ஏற்றிச்செல்லச் சுமை வேண்டாமா? சிதம்பரத்தில் விண்வெளியைப் பற்றிப் பேச்செடுத்தால் ஆகாசத் தலத்தில் ஆரம்பித்துச் செவ்வாய்க் கிரகப் பிரயாணச் சீட்டில் முடிக்கிற நண்பர்கள் எனக்குண்டு. இந்தச் சரக்குக் கணக்கு மட்டும் அவர்களுக்கு ருசிப்பதில்லை.

விமானம் போல இறங்குவதற்கென்று நம்மவர்கள் சோதித்த, சிறகுள்ள புஷ்பக் வாகனம் வேறு வகை. சித்ரதுர்க்கா அருகே, ஹெலிகாப்டரிலிருந்து நாலரை கிலோமீட்டர் உயரத்தில் விடப்பட்டு, மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில், தானாகவே ஓடுதளத்தைக் கண்டு இறங்கியது. விண்வெளியிலிருந்து வருவதற்கு இன்னும் வெகுதூரம் உண்டு. ஆயினும் 2024 மார்ச் 22 அன்று இறங்கிய அதே உடலையும் கருவிகளையும் மாற்றம் ஏதுமின்றி ஜூன் 23 அன்று மறுபடி இறக்கினார்கள் என்பதால், பெரியவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு விடை இருந்தது.

"நம்மது, மூணு மாசத்துல மறுபடி போச்சுங்க" என்றேன்.

"மூணு மாசமா? எங்க தடைக்காலமே அறுபத்தோரு நாளுதான் சார்" என்று சொல்லிவிட்டு, அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.