பூட்டு ஒன்றானால் சொந்தக்காரரா?

கிரேக்கர்களின் பூர்வீகம் எது? வழக்கமாக இந்தக் கேள்வியை வரலாற்று ஆசிரியர்களிடம்தான் கேட்பார்கள். 2001-ஆம் ஆண்டில் நோய் எதிர்ப்பு சக்தியை ஆராய்கிறவர்கள் அதற்குப் பதில் சொல்லப் புறப்பட்டனர். வந்தது பெரிய சர்ச்சை.

ஸ்பெயின் நாட்டின் அந்தோனியோ அர்னைஸ்-வில்லேனாவும் அவரின் குழுவினரும் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். கிரேக்கர்கள் சஹாராவுக்குத் தெற்கே வாழும் ஆப்பிரிக்கர்களுக்கு நெருக்கமானவர்கள், பக்கத்து மாசிடோனியர்களோ பழைய மத்தியதரைக் கடல் மக்கள் என்பது அதன் சாரம். அப்போது 'மாசிடோனியா' என்ற பெயர் யாருக்குச் சொந்தம் என்று இரு நாடுகளும் மல்லுக்கட்டிக் கொண்டிருந்தன. (2019-இல் அந்நாடு வட மாசிடோனியா ஆன பிறகே அந்தப் பிரச்சினை அடங்கியது.) எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றிய கதைதான்.

ஆப்பிரிக்க வேர் இருப்பதில் எந்தக் குறைவும் இல்லை. மனித குலத்துக்கே வேர் அங்குதானே! பிழை வேறு இடத்தில் இருந்தது.

நம் உடலின் பெரும்பாலான உயிரணுக்கள் தம் மேல்பகுதியில் ஓர் அடையாளத்தை அணிந்துள்ளன. கிருமி உள்ளே புகுந்தால், அதன் துணுக்கை வெளியே தூக்கிக் காட்டிக் காவல் அணுக்களை எச்சரிப்பது இந்த அடையாளத்தின் வேலை. இதைத் தயாரிக்கும் மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் உள்ளன. பெயர் எச்.எல்.ஏ. பிரெஞ்சு மருத்துவர் ழான் டௌசே 1958-இல் இதன் முதல் அடையாளத்தைக் கண்டறிந்து, 1980-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இன்று 30,000-க்கும் மேற்பட்ட வகைகள் பதிவாகியுள்ளன.

ஏன் இத்தனை வகை? கிருமிகள் பலவிதம் என்பதால்தான். ஒரு வட்டாரத்தில் ஒரே மாதிரித் திருடர்கள் நடமாடினால், அங்குள்ளவர்கள் ஒரே மாதிரிப் பூட்டை வாங்கி மாட்டுவார்கள். பூட்டு ஒன்றாக இருப்பதால் அவர்கள் அண்ணன் தம்பிகள் ஆகிவிடுவார்களா? எச்.எல்.ஏ-வும் அப்படித்தான். பயனுள்ள வகை, தொடர்பில்லாத மக்களிடையேயும் பல்லாயிரம் ஆண்டுகள் நிலைத்து நிற்கும். அந்த ஆய்வோ டிஆர்பி1 என்ற ஒரே மரபணுவை வைத்துக்கொண்டு ஓர் இனத்தின் வம்சாவளியை எழுதிவிட்டது!

2002-இல் நீல் ரிஷ், அல்பெர்ட்டோ பியாசா, லூக்கா கவல்லி-ஸ்ஃபோர்சா ஆகிய மூன்று மரபியல் அறிஞர்கள் 'நேச்சர்' இதழில் இதைக் கடுமையாகச் சாடினர். அதே கணக்குப்படி ஜப்பானியர்களும் மேற்கு, தெற்கு ஆப்பிரிக்கர்களும் ஏறக்குறைய ஒன்றே என்று ஆகிறது என அவர்கள் சுட்டிக்காட்டினர். அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது?

பதில் 2017-இல் ஓரளவு தெளிவானது. கிரீட் தீவின் மினோவர்கள், கிரேக்க நிலப்பகுதியின் மைசீனியர்கள் உள்ளிட்ட 19 பழங்கால மனிதர்களின் எச்சங்களிலிருந்து மரபணுவை எடுத்து, முழுத் தொகுதியையும் ஒப்பிட்டனர். அந்த இரு மக்களின் வம்சத்தில் குறைந்தது முக்கால் பங்கு, ஏஜியன் கடலோரத்தின் ஆதி விவசாயிகளிடமிருந்து வந்தது. இன்றைய கிரேக்கர்கள் மைசீனியர்களை ஒத்திருக்கிறார்கள், பிற்காலக் கலப்பும் உண்டு.

அப்படியென்றால் கிரேக்கர்களின் எச்.எல்.ஏ-வை ஆராய்வது வீண் வேலையா? இல்லவே இல்லை. அதன் இடம் மருத்துவமனை. 1930-இல் ஏதென்ஸில் கண் மருத்துவர் பெனடிக்டோஸ் அடமன்டியாடிஸ், வாய்ப்புண்ணும் கண் அழற்சியும் சேர்ந்து வரும் ஒரு நோயை விவரித்தார். 1937-இல் துருக்கியின் ஹுலூசி பெஹ்செட் அதையே எழுதினார். உலகம் 'பெஹ்செட் நோய்' என்கிறது, கிரேக்கர்கள் இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்வார்கள். பார்வையையே பறிக்கக்கூடிய இந்நோய், கிரேக்கர்களிடம் பரவலாக உள்ள பி51 என்ற எச்.எல்.ஏ வகையோடு தொடர்புடையது. அந்த வகை உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தலசீமியா எனும் இரத்த நோயும் கிரேக்கத்தில் அதிகம். எலும்பு மஜ்ஜை மாற்றினால் அந்தப் பிள்ளைகள் குணமடையலாம். அதற்கு எச்.எல்.ஏ பொருந்த வேண்டும். உடன்பிறந்த ஒருவரிடம் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அது தவறினால், கொடையாளர் பதிவேட்டில் தேட வேண்டும். அங்கே பொருத்தமானவர் கிடைக்கக் கூடுதல் வாய்ப்புள்ளது அந்தப் பிள்ளையின் சொந்த மக்களிடம்தான்.