நடுவானில் உதறும் ரிமோட் விமானம்... சிக்னல்தான் குற்றவாளியா?

நன்றாக வட்டமடித்துக்கொண்டிருந்த ரிமோட் விமானம் திடீரென ஒரு பக்கமாகச் சாய்கிறது. ரிமோட்டின் குச்சியை எந்தப் பக்கம் தள்ளினாலும் பலனில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் ஒரே நொடியில் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். இரண்டு நொடி கட்டுப்பாடு போனாலே, அது தரையில் விழலாம்; வேடிக்கை பார்க்கும் குழந்தையின் மேலும் விழலாம்.

விழுந்த விமானத்தைப் பொறுக்கி எடுக்கும்போது பெரும்பாலும் வரும் வார்த்தை, ‘சிக்னல் போயிடுச்சு’. சில நேரம் அது உண்மை. ஆனால், இன்றைய ரிமோட்களில் பல நேரங்களில் குற்றவாளி காற்றில் இருப்பதில்லை. விமானத்தின் வயிற்றுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

சர்வோ ஏன் உதறுகிறது?

இறக்கையிலும் வாலிலும் உள்ள மடிப்புகளை அசைப்பது சர்வோ. அதற்குள் ஒரு குட்டி மோட்டார், சில பல்சக்கரங்கள், எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை அறிய பழைய ரேடியோவின் வால்யூம் திருகு போன்ற ஒரு பாகம் எல்லாம் இருக்கும். ரிசீவர் வழக்கமாக நொடிக்குச் சுமார் 50 முறை மின்துடிப்பு அனுப்பும். துடிப்பின் நீளம் 1.5 மில்லி விநாடி என்றால் சர்வோ நடுவில் நிற்கும். 1 மில்லி விநாடி என்றால் ஒரு பக்கம், 2 என்றால் மறுபக்கம். இந்த நீளம் சற்றுக் கலைந்தாலும் சர்வோ அதைக் கட்டளையாகவே எடுத்துக்கொண்டு அசையும். அதுதான் உதறல்.

துணி கிளிப் காலம்

முன்பு அமெரிக்காவில் 72 மெகாஹெர்ட்ஸ், பிரிட்டனில் 35 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் இந்த விமானங்கள் பறந்தன. ஒரே சேனலில் இருவர் ரிமோட்டை ஆன் செய்தால் விமானம் விழும். அதனால் மைதானத்தில் ஒரு பலகை வைத்து, சேனல் எண் எழுதிய துணி கிளிப்புகளை அதில் மாட்டி முறை வைத்துப் பறக்கவிட்டார்கள். அந்தக் காலத்தில் ‘சிக்னல்’ மேல் பழி போட்டதில் நியாயம் இருந்தது.

2000-களின் நடுப்பகுதியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்கள் வந்ததும் நிலைமை மாறியது. ரிசீவர் தன்னோடு ‘பைண்ட்’ செய்யப்பட்ட ரிமோட்டுக்கு மட்டுமே கட்டுப்படும். பல ரிமோட்கள் அலைவரிசையை நொடிக்கு நொடி தாவித் தாவி மாற்றிக்கொள்ளும். எதிரி குறுக்கிட முடியாதபடி டார்பிடோவை ரேடியோ மூலம் இயக்க, இதே தாவும் யோசனைக்கு 1942-லேயே காப்புரிமை பெற்றவர்களில் ஒருவர் ஹாலிவுட் நடிகை ஹெடி லமார்!

மோட்டார் போட்டால் மங்கும் விளக்கு

வீட்டில் தண்ணீர் மோட்டார் போட்டதும் விளக்கு ஒரு கணம் மங்குகிறது அல்லவா? விமானத்துக்குள்ளும் அதே கதைதான். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி.க்குள், பி.இ.சி. என்ற சர்க்யூட் இருக்கும். பேட்டரியின் 11, 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைத்து ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் தருவது அதுதான். சாதாரண 9 கிராம் சர்வோகூட, நகர முடியாமல் சிக்கிக்கொண்டால் அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நான்கும் சேர்ந்து திணறினால் 2 ஆம்பியரைத் தாண்டும்.

மலிவான பி.இ.சி. அதைத் தாங்காமல் சூடாகும், வோல்டேஜ் சரியும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும் ரிசீவர் அணைந்து மறுபடி ஆன் ஆகும். தரையிலிருந்து பார்ப்பவருக்கு அது சிக்னல் போனது போலவே தெரியும்.

துப்பறியும் வரிசை

எந்தச் சோதனைக்கும் முன் ப்ரொப்பல்லரைக் கழற்றிவிட வேண்டும். சுழலும் ப்ரொப்பல்லர் விரலை வெட்டிவிடும். பிறகு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்.

* ஒரு சர்வோ மட்டும் உதறினால்: அதை வேறு சேனலில் செருகிப் பார்க்கலாம். உதறல் சர்வோவோடு கூடவே போனால் சர்வோதான் கெட்டிருக்கிறது. பழைய சேனலிலேயே தங்கினால் ரிசீவர், ரிமோட் குச்சி, நீட்டிப்பு ஒயர் பக்கம் தேட வேண்டும்.

* எல்லாம் சேர்ந்து உதறினால்: முதல் சந்தேகம் மின்சாரத்தின் மேல். இ.எஸ்.சி.யிலிருந்து ரிசீவருக்கு வரும் சிவப்பு ஒயரை மட்டும் விடுவித்து, ரிசீவருக்குத் தனி 4.8 வோல்ட் பேட்டரி கொடுத்துப் பார்க்கலாம். உதறல் நின்றால், திறன் கூடிய பி.இ.சி. தேவை.

* பெட்ரோல் இன்ஜின் ஓடும்போது மட்டும் உதறினால்: பழைய ஸ்கூட்டர் தெருவில் போனால் ஆன்டெனா டி.வி.யில் கோடுகள் ஓடுமே, அதே ஸ்பார்க் இரைச்சல்தான். ரெசிஸ்டர் உள்ள ஸ்பார்க் பிளக் போட்டு, இக்னிஷனையும் ரிசீவரையும் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும்.

* தூரம் போனால் மட்டும் உதறினால்: இப்போது சிக்னலைச் சந்தேகிக்கலாம். ரிசீவர் ஆன்டெனாவின் நுனியில் உள்ள சுமார் 31 மில்லிமீட்டர் பகுதிதான் அலையை வாங்குகிறது. அது கார்பன் ஃபைபர், பேட்டரி, ஒயர் கட்டு ஆகியவற்றை விட்டு விலகி இருக்க வேண்டும். இரண்டு ஆன்டெனா இருந்தால் ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் வைப்பது நல்லது. ரிமோட் ஆன்டெனாவின் நுனியை விமானத்தை நோக்கி நீட்டவும் கூடாது. நுனியின் திசையில்தான் சிக்னல் மிகவும் பலவீனம்.

பறக்கும் முன் ஐந்து நிமிடம்

ரிமோட்டில் ‘ரேஞ்ச் செக்’ வசதி இருந்தால், அது சிக்னலின் பலத்தை வேண்டுமென்றே குறைக்கும். அந்த நிலையில் கையேட்டில் சொன்ன தூரம் நடந்து போய், எல்லாச் சர்வோவும் ஒழுங்காக அசைகிறதா என்று பார்க்க வேண்டும். மோட்டார் ஓடும்போதும் ஒருமுறை பார்ப்பது அவசியம். அதற்கு ப்ரொப்பல்லர் மாட்டியிருந்தால், இன்னொருவர் பின்னால் நின்று விமானத்தை உறுதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது ‘ஃபெயில்சேஃப்’. சிக்னல் அறுந்தால் மோட்டார் தானாக நிற்கும்படி செய்யும் ஏற்பாடு இது. ப்ரொப்பல்லரைக் கழற்றி, மோட்டாரை மெதுவாக ஓடவிட்டு, ரிமோட்டை அணைத்தால் மோட்டார் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அன்று அந்த விமானம் பறக்கக் கூடாது.

உதறல் தானாகவே நின்றுவிட்டால் பிரச்னை தீர்ந்ததாக அர்த்தமில்லை. லூசான கனெக்டர், தேய்ந்த சர்வோ, சூடேறும் பி.இ.சி. எல்லாமே தரையில் சமர்த்தாக இருந்துவிட்டு மேலே போய் வாலாட்டும். காரணம் கையில் சிக்கும்வரை விமானம் மேஜை மேலேயே இருக்கட்டும்.