ஃபார்மட் செய்வதற்கு முன் ஒரு நிமிடம்!

அவுட்லுக்கைத் திறக்கிறீர்கள். அஞ்சல் பட்டியல் ஒரு கணம் தெரிகிறது. உடனே தானாக மூடிக்கொள்கிறது. மறுபடி திறந்தாலும் அதே கதைதான். பெரிய அலுவலகம் என்றால் கணினிப் பிரிவை அழைத்துவிடலாம். வீட்டிலோ சிறு வணிகத்திலோ இருப்பவர்கள் கணினியைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கடைக்கு ஓடுகிறார்கள். அங்கே பல நேரம் கிடைக்கும் பதில்: “ஃபார்மட் பண்ணிடலாம்.”

கணினிப் பழுதுபார்ப்பதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பகீரென்று இருக்கும். மென்பொருளை எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி நிறுவலாம். அதற்குள் இருந்த கடிதங்களை அப்படித் திரும்பப் பெற முடியாது. அஞ்சல் மென்பொருள் வேறு, அஞ்சல் வேறு. பலரும் இதை மறந்துவிடுகிறோம்.

கடிதங்கள் எங்கே இருக்கின்றன?

பழுது பார்ப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது இது ஒன்றுதான். கைப்பேசியிலோ இணைய உலாவியிலோ அதே முகவரிக்குள் நுழைந்து பாருங்கள். பழைய கடிதங்களும் நீங்கள் அனுப்பியவையும் அங்கே முழுமையாக இருந்தால் நிம்மதி. உங்கள் கணக்கு ஐமேப் அல்லது எக்ஸ்சேஞ்ச் வகையாக இருக்கலாம். அசல் கடிதங்கள் சர்வரில் இருக்கும். கணினியில் இருக்கும் ஓஎஸ்டி கோப்பு அவற்றின் நகல்தான்.

அங்கே சில வாரக் கடிதங்கள் மட்டுமே இருந்தால் எச்சரிக்கை தேவை. அது பாப் வகைக் கணக்காக இருக்கக்கூடும். கடிதங்கள் கணினிக்கு இறங்கிய சில நாள்களில் சர்வரிலிருந்து நீங்கிவிடும்படி அமைத்திருப்பார்கள். அப்படியானால் உங்கள் கடிதங்கள் உலகத்திலேயே ஓரிடத்தில்தான் இருக்கின்றன: அந்தக் கணினியில் உள்ள பிஎஸ்டி என்ற ஒரே கோப்பில்.

அவுட்லுக் திறக்காவிட்டாலும் இதைப் பார்க்க வழியுண்டு. விண்டோஸ் கண்ட்ரோல் பேனலில் ‘மெயில்’ என்பதைத் திறந்தால் கணக்கின் வகையும் கோப்பு இருக்கும் இடமும் தெரியும். அவுட்லுக்கை மூடிவிட்டு, அந்தக் கோப்பை வெளி வன்தட்டு ஒன்றில் நகலெடுத்த பிறகே மற்ற வேலை.

கிள்ளானில் ஒரு நாள்

கிள்ளானில் சரக்கு அனுப்பும் சிறு நிறுவனம் நடத்தும் அண்ணன் ஒருவர் என்னை அழைத்தார். “தம்பி, மூணு நாளா அவுட்லுக் திறந்து திறந்து மூடுது. கடையில ஃபார்மட் பண்ணணும்னு சொல்றாங்க, பண்ணிடலாமா?”

“கொஞ்சம் பொறுங்க அண்ணே, வந்து பார்க்கிறேன்” என்றேன்.

போய்ப் பார்த்தால், பாப் கணக்கு. 11 ஆண்டுக் கடிதங்கள், 46 ஜிபி அளவில் ஒரே பிஎஸ்டி கோப்பு. விலைப்பட்டியல், சரக்கு ஆவணம், வாடிக்கையாளர் ஒப்புதல் எல்லாமே அதில்தான். வேறெங்கும் நகல் இல்லை. நம் நாட்டில் வணிகக் கணக்கு ஆவணங்களை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது வருமான வரிச் சட்டம். ஃபார்மட் செய்திருந்தால், வரி வாரியம் கேட்கும்போது காட்ட அவரிடம் பாதி ஆதாரம்கூட இருந்திருக்காது.

முதலில் கோப்பை நகலெடுத்தோம். அதற்கே மதியமாகிவிட்டது. பிறகு கண்ட்ரோல் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி அவுட்லுக் சின்னத்தைச் சொடுக்கினேன். ‘சேஃப் மோடில் திறக்கவா?’ என்று கேட்டது. சரி என்றதும் திறந்தது, மூடவே இல்லை.

பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது. சேஃப் மோடில் ஆட்-இன் எனப்படும் துணைநிரல்கள் இயங்குவதில்லை. வைரஸ் தடுப்பு, பிடிஎஃப், இணையக் கூட்டம், கணக்கியல் என்று நாம் நிறுவும் மென்பொருள்கள் அவுட்லுக்குக்குள் சொருகிவிடும் துண்டு நிரல்கள் அவை. அவரிடம் நான்கு இருந்தன. ‘ஃபைல்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘ஆட்-இன்ஸ்’ வழியே போய், கீழே உள்ள ‘கோ’வை அழுத்தி நான்கையும் நிறுத்தினேன். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் அவுட்லுக்கை மூடித் திறந்தோம். மூன்றாவதைச் சேர்த்ததும் பழையபடி மூடிக்கொண்டது. பிடிஎஃப் மென்பொருள் ஒன்றின் துணைநிரல் அது. அதை மட்டும் நிறுத்தியதும் தொல்லை தீர்ந்தது.

இன்னொரு ஆபத்தும் காத்திருந்தது. அவுட்லுக் 2010 முதல் பிஎஸ்டி கோப்பின் இயல்பான உச்ச அளவு 50 ஜிபி. 2003, 2007 பதிப்புகளில் அது 20 ஜிபி. அதற்கும் முந்தியவற்றில் வெறும் 2 ஜிபி. அண்ணனின் கோப்பு எல்லையை நெருங்கியிருந்தது. பழைய கடிதங்களை ஆண்டுவாரியாகத் தனிக் கோப்புகளுக்கு மாற்றினோம்.

சேஃப் மோடிலும் மூடிக்கொண்டால்?

அப்போது சந்தேகம் கோப்பின் மீது போகும். ஆஃபிஸ் நிறுவப்பட்ட கோப்புறையில் ‘ஸ்கேன்பிஎஸ்டி’ என்ற பழுதுநீக்கி இருக்கும். அவுட்லுக்கை மூடிவிட்டு அதை இயக்கிக் கோப்பைக் காட்டுங்கள். நகல் எடுக்கவா என்று கேட்கும் கட்டத்தில் உள்ள குறியை அகற்றாதீர்கள். ஒரு முறையில் சரியாகாவிட்டால் மீண்டும் இயக்கலாம்.

அதிலும் பலனில்லை என்றால், அதே ‘மெயில்’ பகுதியில் புதிய புரொஃபைல் ஒன்றை உருவாக்கிப் பாருங்கள். பழையதை அழிக்க வேண்டாம். கடைசியாக, ஆஃபிஸ் மென்பொருளின் ‘குவிக் ரிப்பேர்’. அதற்கும் மசியாவிட்டால் ‘ஆன்லைன் ரிப்பேர்’.

இவை கிளாசிக் எனப்படும் பழைய அவுட்லுக்குக்குப் பொருந்தும். தண்டர்பேர்ட் பயன்படுத்துவோர் ஷிஃப்ட் பொத்தானை அழுத்திப் பிடித்துத் திறந்தால் இதே போன்ற சோதனை முறை கிடைக்கும்.

சில நாள்களில் குற்றம் உங்கள் கணினியிலேயே இருக்காது. 2020 ஜூலை 15 அன்று உலகின் பல நாடுகளில் அவுட்லுக் திறந்த கையோடு மூடிக்கொண்டது. அதை மைக்ரோசாஃப்ட்தான் தன் பக்கத்தில் சரிசெய்தது. ஆகவே நண்பர்கள் இரண்டு பேருக்கும் அதே தொல்லையா என்று முதலில் கேட்டுவிடுங்கள். ஆமென்றால், எதையும் நோண்டாமல் சில மணி நேரம் காத்திருப்பதே நல்லது.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். பதற்றத்தில் இணையத்தில் தேடிக் கிடைக்கும் ‘உதவி எண்’களை அழைக்காதீர்கள். மைக்ரோசாஃப்டின் உண்மையான பிழைச் செய்திகளில் தொலைபேசி எண் இருக்காது. உங்கள் கணினியைத் தொலைவிலிருந்து இயக்க அனுமதி கேட்பவர், உங்கள் வங்கிக் கணக்கையும் சேர்த்தே குறிவைத்திருக்கலாம்.

இன்று அவுட்லுக் ஒழுங்காகத் திறந்தால் இன்னும் நல்லது. உங்கள் கணக்கு எந்த வகை, கோப்பு எங்கே இருக்கிறது, எத்தனை ஜிபி என்று பார்த்து வையுங்கள். பாப் கணக்கு என்றால் மாதம் ஒரு முறை வெளி வன்தட்டில் நகலெடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது அந்த நகலைத் திறந்து, கடிதங்கள் வாசிக்க வருகின்றனவா என்று சோதித்துப் பாருங்கள்.