திரையில் வெடித்ததும் தெருவில் வெடித்ததும்

முழுநீள வண்ணச் சிங்களப் படங்களில் முதலாவதான 'ரன்முத்து தூவ' 1962இல் வந்தது. அதன் கடலடிக் காட்சிகள் திருகோணமலையில் எடுக்கப்பட்டவை. இயக்கிய மைக் வில்சன் இந்தக் கடலுக்குப் புதியவர் அல்லர். 1956இல் ஆர்தர் சி. கிளார்க்குடன் சுவாமி மலையின் அடியில் மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் எச்சங்களைக் கண்டவர். பின்னாளில் ஜேம்ஸ் பொண்டைக் கேலிசெய்தும் ஒரு படம் எடுத்தார்.

அன்றைக்கு இந்த மாவட்டத்தில் துவக்கு என்றால் காட்டோரக் கிராமங்களின் இடியன்தான். பன்றி வரும் பாதையில் மறைத்து வைக்கும் கட்டுத்துவக்குத்தான். பிரித்தானியக் கடற்படை 1957இலேயே போய்விட்டது. திரையில் ஒருவன் கோட்டுப் பையிலிருந்து கைத்துப்பாக்கியை எடுத்தால், அது எங்கோ தொலைதேசத்துப் பொருள். வெடிச் சத்தத்துக்குக் கொட்டகையில் விசில் பறந்தது.

எண்பதுகளுக்குப் பிறகு அந்தத் தூரம் இல்லாமற்போனது. ஆமி, நேவி, இயக்கம் என்று எல்லார் தோளிலும் துவக்கு. இருட்டில் பாயில் படுத்தபடி காதாலேயே அதைப் படித்தோம். ஒற்றையாய் அதிர்ந்தால் வேறொன்று, படபடவென்று பொரிந்தால் ரி-56. சீனத் தயாரிப்பான இந்த ரி-56 துவக்கின் கூட்டில் 30 ரவைகள் இருக்கும். விசையை விடாமல் அழுத்தினால் மூன்று வினாடிக்குள் கூடு காலி. பிறகு ஓர் இடைவெளி. அடுத்த கூட்டை மாட்டும் நேரம். சண்டை ஓய்ந்ததா, இன்னும் இருக்கிறதா என்று வீட்டுக்குள் படுத்திருந்தவர்கள் கணித்தது அந்த இடைவெளியை வைத்துத்தான். நாயகன் கூடு மாற்றாமலே ஒரு பாட்டு நீளத்துக்குச் சுடும் படங்களை அதற்குப் பிறகு எங்களால் பழையபடி பார்க்க முடியவில்லை. ஓடுகிறவனையும் சுடுகிறவனையும் விட்டுவிட்டுக் கண் சுவரோரம் பதுங்கியிருக்கும் பெயரில்லாத துணை நடிகர்களையே தேடும்.

2006 ஜனவரி 2. திருகோணமலைக் கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே கூடிப் பேசிக்கொண்டிருந்த தமிழ் மாணவர்கள் ஐவர் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டு வெடித்துத்தான் செத்தார்கள் என்று படைத்தரப்பு சொன்னது. 'சுடர் ஒளி' செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் கமராவுடன் போனார். அவர் எடுத்த படங்களில் துவக்கு எதுவும் இல்லை. உடல்களில் ரவை பாய்ந்த காயங்கள் இருந்தன. பத்திரிகையில் அவை வெளிவந்ததும் கைக்குண்டுக் கதை நிற்கவில்லை. அதே மாதம் 24ஆம் திகதி காலை வேலைக்குப் புறப்பட்டவரை வழியிலேயே சுட்டுக் கொன்றார்கள்.

சுடுகிறவனின் கையைக் காட்டும் கமரா உண்டு. சுடப்பட்டவனின் உடலைக் காட்டும் கமராவும் உண்டு. உலகத்துத் துப்பறியும் படங்களும் கொள்ளைக்கூட்டப் படங்களும் பெரும்பாலும் முதல் வகை. ஜாக் ஒடியார் இயக்கி, 2015இல் கான் விழாவின் தங்கப்பனை விருது பெற்ற 'தீபன்' இந்த இரண்டுக்கும் நடுவே தத்தளிக்கும் பிரெஞ்சுப் படம். இளவயதில் இயக்கத்தில் இருந்த எழுத்தாளர் ஷோபாசக்திதான் அதில் முன்னாள் போராளி. போதைப்பொருள் கும்பல்கள் சுட்டுக்கொள்ளும் பாரிஸ் புறநகர்க் குடியிருப்பில் காவலாளி வேலை அவனுக்கு. ஒருநாள் கட்டடங்களுக்கு நடுவே தரையில் வெள்ளைக் கோடு இழுத்து, இதற்கு இப்பால் சூடு கிடையாது என்கிறான். 2009இல் வன்னியில் 'பாதுகாப்பு வலயம்' என்று அறிவித்த இடத்திலேயே ஷெல் விழுந்ததை அறிந்தவர்களுக்கு அந்தக் கோட்டின் கனம் தெரியும். கடைசியில் அவனே ஆயுதத்தோடு புகை மண்டிய மாடிப்படியில் ஏறும்போது கமரா தாழ்வாகவே அவனோடு போகிறது; சண்டை பெரும்பாலும் கண்ணுக்குத் தப்புகிறது. அந்தத் தாழ்ந்த கமராவுக்காக ஒடியாரை மதிக்கிறேன். ஆனால் எங்கள் ஆள் ஒருவனின் கடந்தகாலம் இறுதியில் சண்டைத் திறமையாகத்தான் பயன்பட வேண்டுமா என்ற மனக்குறை எனக்குத் தீரவில்லை. அந்த வெள்ளைக் கோட்டோடு படம் முடிந்திருக்கலாம்.

இன்று கோணேசரைக் கும்பிடப் போகிறவர்கள் பிரெட்ரிக் கோட்டை வாசலால் மான்களைப் பார்த்தபடி நடக்கிறார்கள். ஆமி இன்னும் உள்ளேதான் இருக்கிறது. பையைக் கொட்டிக் காட்டச் சொன்ன காலம் போய்விட்டது. போருக்குப் பின் பிறந்த பிள்ளைகள் 'பப்ஜி' விளையாட்டில் ஏகேஎம் எது, எம்416 எது என்று ஹெட்போனில் கேட்டே சொல்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அந்தச் சத்தத்தைப் பயமில்லாமல் கேட்க முடிகிறதே, அதுவே பெரிய நிம்மதி. 2025 பெப்ரவரியில் கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள் சட்டத்தரணி வேடத்தில் வந்தவன் பாதாள உலகக்காரர் ஒருவரைச் சுட்டான். பக்கங்களை வெட்டிக் குடைந்த சட்டப் புத்தகத்துக்குள் துப்பாக்கி வந்திருந்தது. அந்தப் புத்தகத்தின் படம் எல்லார் கைபேசியிலும் ஓடியது. சினிமாவேதான் என்று பிள்ளைகளும் வியந்தார்கள். அப்படி வியந்த பிள்ளைகளுக்கு, தங்கள் ஊர்க் கடற்கரையில் நடந்ததையும் அதைப் படமெடுத்தவர் யார் என்பதையும் பெரியவர்கள் நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. பாடப்புத்தகம் வரும் என்று காத்திராமல் வீட்டிலேயே சொல்லத் தொடங்கலாம்.

ஐந்து மாணவர் வழக்கில் சந்தேகநபர்களாக இருந்த 13 பேரையும், போதிய சாட்சியம் இல்லையென்று 2019 ஜூலையில் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் விடுவித்தது. சுகிர்தராஜனைக் கொன்றதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.