மூன்று கண் ப்ரொஜெக்டர் இன்னும் வீட்டில் இருக்கிறதா? அகலத்திரைக்கு மாற்றுவது இப்படித்தான்!

சிவப்பு, பச்சை, நீலம் என்று முன்பக்கம் மூன்று கண்கள். இரண்டு பேர் சேர்ந்தாலும் தூக்கத் திணற வைக்கும் எடை. 1990-களில் ஹோம் தியேட்டர் என்றாலே இந்த சி.ஆர்.டி ப்ரொஜெக்டர்தான். ஜப்பானின் சோனி, பெல்ஜியத்தின் பார்கோ, கனடாவின் எலெக்ட்ரோஹோம் ஆகியவை தயாரித்த இந்த இயந்திரங்கள் அன்று ஒரு காரின் விலைக்கு விற்றன. இன்று காயலான் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. ஆனாலும் சிலர் இவற்றைக் கைவிட மறுக்கிறார்கள். காரணம், கறுப்பு. திரையில் இருட்டு வரவேண்டிய இடத்தில் சி.ஆர்.டி ட்யூப் ஏறக்குறைய அணைந்தே போகிறது. அந்தக் கறுப்பைப் பல எல்.சி.டி ப்ரொஜெக்டர்களால் இன்றும் தர முடிவதில்லை.

ஒரே ஒரு சிக்கல். இவற்றில் பெரும்பாலானவை 4:3 என்ற பழைய டி.வி வடிவத்துக்காக செட் செய்யப்பட்டவை. இன்று நாம் பார்ப்பதோ 16:9. சினிமாஸ்கோப் படம் என்றால் 2.35:1.

திரை ஒன்று, உயரம் மூன்று

8 அடி அகலத் திரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 4:3 படத்துக்கு 6 அடி உயரம் வேண்டும். 16:9 படத்துக்கு நாலரை அடி போதும். 'ராஜராஜ சோழன்' (1973) போன்ற ஸ்கோப் படத்துக்கு மூன்றரை அடிகூட வராது.

4:3 அமைப்பிலேயே அகலப் படத்தை ஓட்டினால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். பார்க்க அது பெரிய குறையாகத் தெரியாது. ஆனால், இழப்பு அந்தப் பட்டைக்குள்தான் இருக்கிறது. டி.வி.டி-யில் இருக்கும் 480 கோடுகளில் 16:9 படத்துக்கு 360 கோடுகள் மட்டுமே கிடைக்கும். மீதி 120 கோடுகள் வெறும் கறுப்பை வரையவே செலவாகின்றன.

சி.ஆர்.டி ப்ரொஜெக்டரின் சிறப்பு இங்கேதான் இருக்கிறது. எல்.சி.டி போல இதற்கு நிரந்தரமான புள்ளிகள் கிடையாது. எலெக்ட்ரான் கற்றைதான் கோடு கோடாகப் படத்தை வரைகிறது. அந்தக் கோடுகள் அத்தனையையும் நெருக்கி, 16:9 உயரத்துக்குள் அடக்கிவிட முடியும். அப்போது 480 கோடுகளும் படத்துக்கே கிடைக்கும்.

முதலில் செய்ய வேண்டியவை

ப்ரொஜெக்டரை ஆன் செய்து குறைந்தது அரை மணி நேரமாவது சூடேற விடுங்கள். குளிர்ந்த நிலையில் செய்த அட்ஜஸ்ட்மென்ட், சூடானதும் நகர்ந்துவிடும்.

அடுத்து, டி.வி.டி பிளேயரின் மெனுவில் டி.வி வடிவத்தை 16:9 என்று மாற்றுங்கள். பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். பிளேயர் 4:3-லேயே இருக்க, ப்ரொஜெக்டரை மட்டும் நெருக்கினால், நடிகர்கள் எல்லோரும் குட்டையாக, குண்டாகத் தெரிவார்கள்.

பழைய செட்டிங்கை அழிக்காதீர்கள். இந்த இயந்திரங்களில் பல மெமரிகள் உண்டு. காலியாக உள்ள ஒன்றில் 16:9 அமைப்பைச் சேமியுங்கள். 'பராசக்தி' காலத்துப் படங்களை 4:3-ல் பார்க்கப் பழைய மெமரி கைகொடுக்கும்.

பச்சையில் தொடங்குங்கள்

சிவப்பையும் நீலத்தையும் அணைத்துவிட்டு, பச்சையை மட்டும் எரியவிடுங்கள். ப்ரொஜெக்டருக்குள்ளேயே இருக்கும் கட்டம் போட்ட டெஸ்ட் படத்தைத் திரையில் கொண்டுவாருங்கள். லென்ஸைத் திருகி முதலில் நடுப்பகுதி, பிறகு மூலைகள் என்று ஃபோகஸைச் சரிபாருங்கள்.

இப்போது செங்குத்து அளவைக் குறைக்க வேண்டும். கண்ணளவை நம்பாமல் டேப் வைத்து அளப்பது நல்லது. அகலம் 96 அங்குலம் என்றால் உயரம் 54 அங்குலம். உயரம் சரியானதும் ஓரக் கோடுகள் வளைகிறதா, மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருக்கிறதா என்று பார்த்து நேராக்குங்கள்.

பச்சை முடிந்ததும் சிவப்பை ஏற்றி, அதன் கோடுகளைப் பச்சைக் கோடுகளின் மேல் உட்கார வையுங்கள். பிறகு சிவப்பை அணைத்துவிட்டு நீலத்துக்கும் அதேபோல. இதுதான் கன்வெர்ஜென்ஸ். நடுவில் ஆரம்பித்து ஓரங்களுக்குப் போக வேண்டும். அவசரப்பட்டால் எழுத்துகளின் விளிம்பில் சிவப்பும் நீலமும் நிழலாகத் தெரியும். முதல் முறை செய்பவர்களுக்கு ஒரு மாலைப்பொழுது முழுக்க ஆகலாம்.

நகர்த்தும் பட்டனில் கவனம்!

உயரம் குறைந்ததும் படம் திரையின் நடுவில் நிற்கும். மேலும் கீழும் இடம் காலியாகும். 'கொஞ்சம் மேலே ஏற்றுவோமே' என்று ரிமோட்டில் கைவைக்கத் தோன்றும். வேண்டாம். அப்படி நகர்த்தினால் ட்யூபின் முகப்பில் படம் நடுவிலிருந்து விலகிவிடும். ஃபோகஸ் கெடும், ட்யூபும் ஒருபக்கமாகத் தேயும். ப்ரொஜெக்டரின் சாய்வை மாற்றுவது அல்லது திரையை இறக்குவது, இவை இரண்டுதான் சரியான வழி.

படத்தின் அகலத்தையும் அதிகமாக்க வேண்டும் என்றால், இயந்திரத்தையே பின்னால் தள்ளி மாட்ட வேண்டும். இவற்றின் லென்ஸில் ஜூம் கிடையாது. பெரிய மாடல்கள் 100 கிலோவைத் தாண்டும் என்பதால், சீலிங் கொக்கி மாற்றும் வேலையை அதற்கான ஆட்களிடம் விட்டுவிடுங்கள்.

ட்யூப் தேய்ந்தால் திரும்ப வராது

அதே வெளிச்சம் சின்ன இடத்துக்குள் அடங்குவதால் படம் பளிச்சென்று இருக்கும். ஆசைப்பட்டு கான்ட்ராஸ்ட்டை ஏற்றாதீர்கள். ட்யூபின் உள்ளே பூசியிருக்கும் பாஸ்பர்தான் ஒளி தருகிறது. அதற்குச் சுமை கூடினால் சீக்கிரம் தேயும். 16:9 மட்டுமே வருடக்கணக்கில் ஓட்டினால் நடுப்பட்டை மங்கும். பிறகு ஒருநாள் 4:3 படம் போட்டால், மேலும் கீழும் மட்டும் பளிச்சென்று தெரியும். இதற்கு எந்த அட்ஜஸ்ட்மென்ட்டும் மருந்து இல்லை.

செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள், ப்ரொஜெக்டரை அணைத்துவிட்டு லென்ஸ் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். ட்யூபின் முகப்பில் கறுத்த செவ்வகம் தெரிந்தால், அது நிறைய உழைத்த ட்யூப்.

எச்.டி இணைப்பு தருவோருக்கு...

எச்.டி படம் இயல்பிலேயே 16:9 என்பதால், அதற்கும் இதே நெருக்கல் தேவை. பழைய மாடல்களில் எச்.டி.எம்.ஐ இருக்காது, கன்வெர்ட்டர் வாங்க வேண்டும். ப்ரொஜெக்டர் எத்தனை கிலோஹெர்ட்ஸ் வரை தாங்கும் என்று கையேட்டில் பாருங்கள். 720பி-க்கு 45 தேவை. 1080ஐ-க்கு 33.75 போதும். பெயரில் எண் பெரிதாக இருந்தாலும், பழைய இயந்திரத்துக்கு 1080ஐ-தான் சுலபம்.

மூடியைத் திறக்காதீர்கள்

மேலே சொன்ன வேலைகளில் பெரும்பகுதியை ரிமோட்டிலேயே முடித்துவிடலாம். லென்ஸைத் தாண்டி உள்ளே கைவைக்க வேண்டாம். ட்யூபுக்குப் போகும் மின்சாரம் 30,000 வோல்ட்டுக்கும் மேல். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கலாம். உள்வேலை எதுவானாலும், பழைய டி.வி ட்யூப் வேலை தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அந்தத் தொழில் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். உங்கள் ஊரில் ஒருவர் இருந்தால், அவர் நம்பரை இன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.