வலையமைப்பின் வாயிற்காவலன்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிப்பொறி அறிவியல்

எங்கள் ஊர் ஏரிப் பாசனத்திற்கு நீர்க்கட்டி ஒருவர் உண்டு. தண்ணீர் கேட்ட வயலுக்கு மட்டுமே அவர் மடை திறப்பார். வகுப்பில் ‘மல்டிகாஸ்ட்’ பாடம் நடந்தபோது அவர்தான் என் நினைவுக்கு வந்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். படித்ததை அப்பாவிடம் சொல்லிப் பார்ப்பேன். அவருக்குப் புரிந்தால்தான் எனக்குப் புரிந்ததாகப் பொருள். இதையும் அவ்வாறே சொல்லிப் பார்த்தேன்.

மல்டிகாஸ்ட் என்பது யாது?

ஒரே ஒளிபரப்பை ஆயிரம் கணினிகளுக்கு அனுப்ப ஆயிரம் பிரதிகள் தேவையில்லை. ஒரு பிரதியைக் குழு முகவரி ஒன்றுக்கு அனுப்பினால் போதும். பாதை பிரியும் இடங்களில் ரூட்டர்களே பிரதி எடுத்துக்கொள்ளும். 224.0.0.0 முதல் 239.255.255.255 வரையுள்ள முகவரிகள் இதற்கென ஒதுக்கப்பட்டவை. பங்குச் சந்தை விலைத் தகவல்களும் இணையவழித் தொலைக்காட்சியும் பல இடங்களில் இம்முறையில்தான் செல்கின்றன.

பெறுவோர் அங்கொருவர் இங்கொருவராகச் சிதறியிருக்கும் வலையமைப்புக்கு ஏற்றது ‘பிம் ஸ்பார்ஸ் மோட்’ என்னும் முறை. இதில் சந்திப்பு முனையாக ஒரு ரூட்டர் அமைந்திருக்கும். நிகழ்ச்சி வேண்டுவோரின் ரூட்டர் அம்முனையை நோக்கி ‘ஜாயின்’ செய்தி அனுப்பும். தேவை தீர்ந்தால் ‘ப்ரூன்’ செய்தி அனுப்பும். ஒளிபரப்புபவரின் ரூட்டரோ ‘ரிஜிஸ்டர்’ செய்தி வழியாகச் சந்திப்பு முனைக்குத் தன் வரவை அறிவிக்கும். இவையே கட்டுப்பாட்டுச் செய்திகள் எனப்படும்.

அப்பாவின் கேள்வி

இதுவரை கேட்ட அப்பா, “தண்ணி கேக்கிறவனுக்கு நெசமாவே நெலம் இருக்குதான்னு யாருடா பாக்குறது?” என்றார். எனக்கு விடை தெரியவில்லை. நூலகத்திற்குப் போய்த் தேடிய பின்னரே, இத்துறையின் பெரிய சிக்கலே அதுதான் என்று அறிந்தேன்.

ஒவ்வொரு ஜாயினுக்கும் ரிஜிஸ்டருக்கும் ரூட்டர் தன் நினைவகத்தில் ஒரு பதிவு வைத்தாக வேண்டும். நினைவகத்துக்கோ எல்லை உண்டு. 2001 ஜனவரியில் ரெட் ஹேட் லினக்ஸ் கணினிகளைத் தாக்கிய ‘ராமென்’ என்னும் புழுநிரல், அடுத்த இரையைத் தேடி 65,536 முகவரிகள் கொண்ட தொகுதிகளைத் துழாவியது. மல்டிகாஸ்ட் முகவரிகளும் அதில் அகப்பட்டன. அந்நிரலுக்கு ஒளிபரப்பும் நோக்கமே கிடையாது. ஆயினும் ஒவ்வொரு முகவரிக்கும் சென்ற பொட்டலத்தைப் புதிய ஒளிபரப்பு என்றே ரூட்டர்கள் எண்ணின. ரிஜிஸ்டர் செய்திகள் சந்திப்பு முனையில் குவிந்தன. அங்கிருந்து பிற வலையமைப்புகளின் சந்திப்பு முனைகளுக்கும் அறிவிப்புகள் புயலெனப் பரவின. 2003 ஜனவரியில் ‘ஸ்லாமர்’ புழுவால் இதே தொல்லை மீண்டும் நேர்ந்தது.

வடிகட்டும் இடங்கள்

முதலாவது, சந்திப்பு முனை. ஜாயின் செய்தி அடுத்துள்ள ரூட்டரோடு நின்று, அங்கே புதிதாக எழுதப்படும். ரிஜிஸ்டரோ எவ்வளவு தொலைவிலிருந்தும் நேரே வரக்கூடியது. ஆகவே எந்த மூலம் எந்தக் குழுவுக்கு ஒளிபரப்பலாம் என்ற பட்டியலை இங்கு வைத்து, பிறவற்றை மறுக்க வேண்டும்.

இரண்டாவது, அண்டை ரூட்டர். அறிந்த அண்டையரின் ‘ஹலோ’ செய்தியை மட்டுமே ஏற்க வேண்டும். கணினிகள் மட்டும் இணைந்துள்ள முனையில் பிம் செய்திகளை ஏற்கத் தேவையே இல்லை.

மூன்றாவது, எல்லை. சந்திப்பு முனை எது என்று அறிவிக்கும் ‘பூட்ஸ்ட்ராப்’ செய்திகள் எல்லையைக் கடக்கலாகாது. கடக்க விட்டால், அயலார் ஒருவர் தம்மையே சந்திப்பு முனை என்று நம்பவைத்துவிட முடியும்.

இவற்றோடு, பதிவுகளின் எண்ணிக்கைக்கு ஓர் உச்ச வரம்பும் வேண்டும்.

எனினும் எச்சரிக்கை தேவை. பட்டியலில் ஓர் எண் பிழையானால் உரியவரின் வேண்டுகோளும் தள்ளப்படும். பெறுபவருக்குப் பிழைச் செய்தி எதுவும் வராது. திரை வெறுமையாக இருக்கும், அவ்வளவே. அவரும் தம் கணினியில்தான் கோளாறு என்று எண்ணிக் காத்திருப்பார். எனவே வடிகட்டி அமைப்பவர், தள்ளப்பட்ட செய்திகளின் கணக்கை அவ்வப்போது பார்த்து வருவது கடமையாகும்.

விடுமுறையில் இதை அப்பாவிடம் சொன்னேன். “அப்போ நீர்க்கட்டிக்கு ஊர்க்காரங்க எல்லாரையும் தெரிஞ்சிருக்கணும்னு சொல்லு” என்றார். நான் படித்த பாடத்தின் சாரம் அதுவே.